ஆட்புளூ பம்பைக் கழற்றுவதற்கு முன்

இந்தியாவில் கட்டுமான இயந்திரங்களுக்கான பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு வந்த பெரிய எக்ஸ்கவேட்டர், லோடர், கிரேடர் பலவற்றில் டீசல் டேங்கோடு நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்கும் இருக்கிறது. புகையின் மாசைக் குறைக்கும் ஆட்புளூ என்ற திரவத்துக்கானது அது. அந்த வண்டிகள் இப்போது கைமாறத் தொடங்கிவிட்டன. வாங்கிய கொஞ்ச நாளில் திரையில் ஆட்புளூ அழுத்தம் குறைவு என்று எச்சரிக்கை வரும், எஞ்சினின் இழுவை விழும். பார்த்தவுடன் ‘பம்ப் போச்சு’ என்பார்கள். விலை கையைக் கடிக்கிற புதுப் பம்பைப் போட்ட பிறகும் அதே எச்சரிக்கை திரும்பி வருவது உண்டு.

வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பம்ப் நல்லதா கெட்டதா என்பது நேரடியாகத் தெரியாது. அழுத்த சென்சார் அனுப்பும் அளவை வைத்துத்தான் அது பேசுகிறது. அந்த அளவைக் குறைக்கக்கூடிய கோளாறுகள் டேங்கின் அடியில் தொடங்கி சைலன்சர் அருகில் திரவத்தைப் புகையில் தெளிக்கும் டோசர் வரை எங்கும் இருக்கலாம். பம்ப் அவற்றில் ஒன்று மட்டுமே.

ஆட்புளூ என்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். சூடான புகையில் தெளிக்கும்போது யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. புகைப்பாதையில் உள்ள கேட்டலிஸ்டின் (வினையூக்கியின்) மேல் அந்த அம்மோனியா, நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு சேர்ந்து அவற்றை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. நன்றாகத் தெளிக்க நிலையான அழுத்தம் வேண்டும். போஷ் நிறுவனத்தின் டெனாக்ஸ்ட்ரானிக் 2.2 போன்ற அமைப்புகளில் அது சுமார் 9 பார் (அழுத்தத்தின் அலகு), வேறு சிலவற்றில் 5 பார். மோட்டாரால் இயங்கும் ஒரு டயஃப்ரம் (சவ்வு) பம்ப் இந்த வேலையைச் செய்கிறது. அழுத்தம் குறைந்தால் கம்ப்யூட்டர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டும், ஏறினால் குறைக்கும்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் பம்புக்கு வேலை முடிவதில்லை. ரிவர்சிங் வால்வு திசையை மாற்ற, ஓஸிலும் டோசரிலும் மிச்சமிருக்கும் திரவத்தை பம்ப் டேங்குக்கே திரும்ப உறிஞ்சுகிறது. இதற்கு ஓரிரு நிமிடம் ஆகும். பல ஆபரேட்டர்கள் சாவியைத் திருப்பிய கையோடு பேட்டரி மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறார்கள். திரவம் உள்ளேயே தங்கிவிடுகிறது. எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியானதும் யூரியா வெள்ளைப் படிகமாக இறுகி வால்வையும் ஃபில்டரையும் அடைக்கிறது. குளிர்நாடுகளில் இதே திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறைந்து பம்பை உடைக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, வெயில்தான் எதிரி. பழைய வண்டி வாங்கப் போகிறவர், ஆபரேட்டர் அதை எப்படி நிறுத்துகிறார் என்று கூட நின்று பார்ப்பது நல்லது.

இந்தப் படிகம் எங்கே படிந்திருக்கிறது என்பதே ஒரு துப்பு. பம்பிலும் ஓஸ் இணைப்பிலும் படிவது பெரும்பாலும் வெறும் யூரியா. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேல் கரையக்கூடிய பொருள் அது. வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்தால் காணாமல் போகும். டோசர் முனையில் படிவது அப்படியல்ல. அங்கே சூட்டில் யூரியா பையூரெட், சயனூரிக் அமிலம் என்று வேறு பொருள்களாகவே மாறிவிடுகிறது. சயனூரிக் அமிலம் ஒரு லிட்டர் தண்ணீரில் சில கிராம்தான் கரையும். கழுவினால் போகும் வெள்ளையும் கழுவியும் போகாத வெள்ளையும் ஒரே அடைப்பு அல்ல. இரண்டாவது கண்ணில் பட்டால் டோசரையும் அது தெளிக்கும் விதத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து திரவம். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் செறிவு தெரியும், ஐ.எஸ்.ஓ 22241 தரப்படி 31.8 முதல் 33.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கருவி செறிவை மட்டும் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினாலும் சரியான எண்ணையே காட்டக்கூடும். அந்த யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, பையூரெட்டும் அதிகம். பூச்சு ஃபில்டரை அடைக்கும். போர் தண்ணீர் கலந்திருந்தால் அதிலுள்ள கால்சியம் கேட்டலிஸ்டைக் கெடுக்கும். நல்ல ஆட்புளூவுக்கும் ஆயுள் உண்டு: 25 டிகிரிக்குள் 18 மாதம், 35 டிகிரியில் 6 மாதம்தான். யார்டில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த வண்டியின் மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி தூக்கலாக மூக்கில் ஏறினால் அந்தத் திரவத்தை வைத்துச் சோதனை செய்வதில் பயனில்லை. வடித்துவிட்டுப் புதிது ஊற்றிய பிறகே மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

டேங்கில் டீசல் கலந்திருந்தால் நிலைமை மோசம். லேசான டீசல் மேலே படலமாக மிதக்கும். இந்த அமைப்பில் உள்ள ரப்பர் சீல்கள் யூரியாவைத் தாங்குபவை, டீசலில் ஊதிவிடும். அதைக் கண்டால் பேரத்தையே மறுபடி பேசுங்கள்.

இப்போது ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் கருவி. எஸ்.பி.என் 4334 என்பது ஆட்புளூ அழுத்தத்தைக் குறிக்கும் எண். அதோடு கோளாறின் வகையைச் சொல்லும் எஃப்.எம்.ஐ 18 வந்தால் அழுத்தம் குறைவு, 16 வந்தால் அதிகம். 3, 4, 5 வந்தால் மின்சுற்றுக் கோளாறு. அதற்குப் பம்பைப் பிரிக்க வேண்டியதில்லை, கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். ஆட்புளூ வயரின் உள்ளே ஊறி ஏறி, செம்பை அரித்துப் பச்சை பிடிக்க வைக்கும். அழிக்கப்பட்ட பழைய கோளாறு எண்களின் வரலாற்றையும் கேட்டு வாங்க வேண்டும். விற்பனைக்கு முந்தைய நாள் எல்லாம் சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தால் அதுவே ஒரு தகவல்.

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அழுத்தத்தைப் படியுங்கள். லைன் காலியாக இருக்கும்போதே வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 2, 3 பார் காட்டினால் சென்சாரையோ அதன் வயரிங்கையோ நம்ப முடியாது. அது சரியென்றால், பம்பை ஸ்கேனர் வழியாக ஓடவிட்டு அழுத்தத்தையும் மோட்டார் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துப்பு இந்த ஜோடியில்தான் இருக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றியும் அழுத்தம் எகிறினால் டேங்குக்குத் திரும்பும் லைன் அடைத்திருக்கலாம். முழு வேகத்தில் சுற்றியும் அழுத்தம் ஏறாமல் தள்ளாடினால், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல எங்கோ காற்றை இழுக்கிறது. தள்ளாட்டம் இல்லாமல் தாழ்வாகவே நின்றால் ஃபில்டர் அடைப்போ, டோசர் கசிவோ, பம்பின் தேய்மானமோ இருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. உறிஞ்சும் ஓஸை டேங்கிலிருந்து கழற்றி, சுத்தமான ஒரு கேனில் உள்ள புது ஆட்புளூவுக்குள் விடுங்கள். அழுத்தம் வந்துவிட்டால் பம்ப் நிரபராதி. டேங்கின் அடி வலையும் உறிஞ்சு குழாயும்தான் காரணம். வரவில்லையென்றால் பம்பின் ஃபில்டரை மாற்றிவிட்டு, டோசரைப் புகைக்குழாயிலிருந்து கழற்றி ஒரு குடுவைக்குள் நீட்டி வையுங்கள். மூடியிருக்க வேண்டிய நேரத்தில் சொட்டினால் அழுத்தம் அங்கேதான் கசிகிறது. ஸ்கேனர் மூலம் தெளிக்கச் சொல்லி, விழுந்த அளவை சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, கனெக்டரில் முழு வோல்டேஜும் வந்து, அப்போதும் அழுத்தம் ஏறாவிட்டால் டயஃப்ரமோ உள் வால்வோ போய்விட்டது. புதுப் பம்பை வாங்கலாம். பொருத்துவதற்கு முன் டேங்கைக் கழுவி, ஓஸ்களில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, டோசரையும் சரிபார்த்துவிடுங்கள். பழைய பம்பைக் கொன்ற குப்பை அங்கேதான் மிச்சம் இருக்கும்.