லாட்டரிச் சீட்டில் அரசுக்கு விழும் பரிசு

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் ஒரு சின்ன மாநிலம். அங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, கடையில் பொருள் வாங்கினால் பொது விற்பனை வரியும் கிடையாது. வரி என்று பேச்செடுத்தாலே அரசியல்வாதிக்குத் தேர்தல் பயம் வந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடங்கள் நடக்க வேண்டுமே? 1964ல் அந்த மாநிலம், குதிரைப் பந்தயத்தோடு இணைத்து, சீட்டு 3 டாலர் என்று லாட்டரி விற்கத் தொடங்கியது. அந்த நூற்றாண்டில் அமெரிக்க மாநில அரசு ஒன்று நடத்திய முதல் லாட்டரி அதுதான். இன்று 50 மாநிலங்களில் 45 இந்த வியாபாரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஐந்தில் ஒன்று நெவாடா. சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன மாநிலத்தில் அரசு லாட்டரி இல்லை என்பது வேடிக்கைதான். சொந்த ஊரில் போட்டியை யார் விரும்புவார்கள்?

சரி, பணம் எப்படிப் பிரிகிறது? சீட்டு விலையை 100 பங்காக வைத்துக்கொள்வோம். மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் பொதுவான கணக்கு இப்படி இருக்கும்: 65 பங்கு பரிசாகத் திரும்பும், 5 அல்லது 6 பங்கு விற்ற கடைக்காரருக்குக் கமிஷன், இன்னும் சில பங்கு கணினி, அச்சு, விளம்பரம், ஊழியர் சம்பளம். மீதி 25 பங்கு போல அரசுக்கு. சீட்டில் எங்கேயும் 'வரி' என்ற சொல் இருக்காது. ஆனால் பரிசுக்கும் நடத்தும் செலவுக்கும் 75 ஆகிற ஒரு பொருளை 100க்கு விற்று 25ஐ அரசு எடுத்துக்கொண்டால், அது அடக்க விலையில் மூன்றில் ஒரு பங்கு வரி. பெட்ரோலுக்கு இப்படி வரி ஏற்றினால் ஊர்வலம் கிளம்பும். லாட்டரிக்கு வரிசையில் நின்று கட்டுகிறோம்.

அரசின் பங்கை ஏற்றினால் அரசுக்கு வருமானம் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கலிஃபோர்னியாவும் அப்படித்தான் நினைத்தது. 1984ல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த சட்டப்படி, வசூலில் குறைந்தது 34 சதவீதம் பொதுக் கல்விக்கு, 50 சதவீதம் பரிசுக்கு, நிர்வாகத்துக்கு அதிகபட்சம் 16. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2010ல் அந்தக் கணக்கை மாற்றினார்கள். நிர்வாகத்துக்கு 13க்கு மேல் போகக்கூடாது, பரிசும் கல்வியும் சேர்ந்து 87 வரவேண்டும் என்று வைத்து, கல்விக்குக் குறைந்தது 34 சதவீதம் என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள். பரிசின் பங்கு ஏறியது, கல்வியின் பங்கு இறங்கியது. ஆனால் சுமார் 3 பில்லியன் டாலராக இருந்த ஆண்டு விற்பனை, அடுத்த பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளில் 9 பில்லியனைத் தாண்டியது. ஒரு பில்லியன் அளவில் இருந்த கல்விப் பணம் இரண்டு பில்லியனைத் தொட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சுரண்டிப் பார்க்கும் சீட்டு வாங்குகிற ஒருவரைக் கவனியுங்கள். நகத்தாலோ நாணயத்தாலோ அந்தச் சாம்பல் பூச்சைச் சுரண்டுகிறார். 5 டாலர் விழுந்திருக்கிறது. அதை மடித்துப் பாக்கெட்டில் போடுவது அபூர்வம். கவுன்ட்டரை விட்டு நகராமலேயே இன்னொரு சீட்டு கேட்பார். விழுந்த பரிசெல்லாம் இப்படியே திரும்பச் சீட்டாகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். பரிசு 50 சதவீதம் என்றால், வீட்டிலிருந்து கொண்டுவந்த 100 டாலர் 50 ஆகி, 25 ஆகி, கரைந்து முடிவதற்குள் மொத்தம் 200 டாலருக்குச் சீட்டு விற்றிருக்கும். அதில் 34 சதவீதம் அரசுக்கு: 68 டாலர். பரிசு 65 சதவீதம் என்றால் அதே 100 டாலர் கரைய நேரமாகும்; ஏறக்குறைய 286 டாலருக்குச் சீட்டு விற்கும். அதில் 25 சதவீதம் என்றாலும் 71 டாலர் வருகிறது! ஆட்டம் நீண்டதால் ஆடியவருக்கும் 'நிறைய விழுகிறது' என்ற நினைப்பு. நிஜத்தில் எல்லோரும் எல்லாப் பரிசையும் திரும்பப் போடுவதில்லை என்றாலும், பணம் சுழலும் திசை இதுதான்.

சுரண்டல் சீட்டு சில்லறை வியாபாரம். செய்தியில் வருவது ஜாக்பாட். பல மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் பவர்பாலில் 69 வெள்ளைப் பந்துகளில் ஐந்தும், 26 சிவப்புப் பந்துகளில் ஒன்றும் பொருந்த வேண்டும். 69இல் ஐந்தை எடுக்கும் வழிகள் 1,12,38,513. அதை 26ஆல் பெருக்கினால் 29,22,01,338. உங்கள் சீட்டு அதில் ஒன்று. 2015 அக்டோபருக்கு முன்னால் இது சுமார் 17.5 கோடியில் ஒன்றாகத்தான் இருந்தது, வேண்டுமென்றே கடினமாக்கினார்கள். ஜெயிப்பது கஷ்டமானால் ஜாக்பாட் விழாத வாரங்கள் கூடும், தொகை உருண்டு திரளும், தொகை பெரிதானால் வழக்கமாகச் சீட்டு வாங்காதவர்களும் வாங்குவார்கள். மூன்று மாதத்திலேயே, 2016 ஜனவரியில், ஜாக்பாட் 1.586 பில்லியன் டாலருக்கு ஏறியது. அதே மாற்றத்தில், ஏதாவது ஒரு சின்னப் பரிசாவது கிடைக்கும் வாய்ப்பை 32 சீட்டுக்கு ஒன்று என்பதிலிருந்து 25க்கு ஒன்று என்ற அளவுக்கு உயர்த்தினார்கள். பெரிய பரிசு எட்டாத தூரத்துக்குப் போனது, சின்னப் பரிசு கைக்கு அருகில் வந்தது. வடிவமைத்தவர்களுக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விளம்பரப்படுத்தும் தொகையும் முழுத் தொகை அல்ல. 29 ஆண்டுகளில் 30 தவணையாகக் கொடுத்தால் எவ்வளவு வருமோ அதைத்தான் பலகையில் எழுதுவார்கள். 2022 நவம்பரில் 2.04 பில்லியன் என்று அறிவித்த ஜாக்பாட்டை மொத்தமாகக் கையில் வாங்கினால் 997.6 மில்லியன்தான், வருமான வரிக்கு முன்பு. தவணை கேட்டால், லாட்டரி தன் கையில் இருக்கும் அந்தத் தொகையை அரசுப் பத்திரங்களில் போட்டு, வட்டியோடு ஆண்டுதோறும் கொடுப்பதாகக் கணக்கு. வட்டி விகிதம் ஏறினால், ஒரு டாலர் கூடுதலாக வசூலாகாமலேயே பலகையில் உள்ள எண் பெரிதாகும்.

எல்லாம் அரசுக்குச் சாதகமாகவே நடக்கும் என்றும் இல்லை. 2005 மார்ச் 30 குலுக்கலில் பவர்பாலின் இரண்டாம் பரிசுக்கு (சிவப்பு தவறி, ஐந்து வெள்ளைப் பந்துகளும் பொருந்தினால் கிடைப்பது) நான்கைந்து பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவர்கள் 110 பேர்! மோசடியோ என்று அதிகாரிகள் விசாரித்தார்கள். நியூயார்க்கில் ஒரு நிறுவனம் தயாரித்த, உள்ளே அதிர்ஷ்ட வாசகச் சீட்டு வைத்த பிஸ்கெட்டில் 22, 28, 32, 33, 39 என்ற எண்கள் அச்சாகியிருந்தன. நாடு முழுக்கச் சாப்பிட்டவர்கள் அதையே போட்டிருந்தார்கள். இரண்டாம் பரிசு ஆளுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்தது, ஆள் கூடினாலும் குறையாது. கணக்கில் இல்லாத ஏறக்குறைய 19 மில்லியன் டாலரை லாட்டரி கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியாவில் இந்தச் சிக்கல் வராது. அங்கே எல்லாப் படிநிலைகளிலும் பரிசுக் குவியலை ஜெயித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துத்தான் கொடுப்பார்கள்.

இனி அரசுக்கு வந்த பணம். 'உங்கள் சீட்டு, குழந்தைகளின் கல்வி' என்ற மாதிரி விளம்பரங்களை நான் பாதி நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன். பொய் என்பதற்காக அல்ல. பணம் உண்மையிலேயே கல்விக் கணக்குக்குப் போகிறது. ஆனால் காசில் பெயர் எழுதி ஒட்ட முடியாது. ஒரு மாநிலம் பள்ளிகளுக்கு 1,000 செலவிடுகிறது என்று வையுங்கள். லாட்டரியிலிருந்து 50 வருகிறது. நிதியமைச்சர் அடுத்த ஆண்டு பொது வரியிலிருந்து 950 மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்சமான 50ஐச் சாலைக்கோ சிறைக்கோ கொடுக்கலாம். பள்ளிக்கு அதே 1,000தான். கணக்குப் புத்தகத்தில் லாட்டரி கல்விக்குப் போயிருக்கிறது, நிஜத்தில் சாலைக்குப் போயிருக்கிறது. அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் பலர் இந்த இடமாற்றம் நடப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

இதைத் தவிர்க்க ஒரு வழி, ஏற்கெனவே இல்லாத ஒன்றுக்குப் பணத்தைக் கட்டிப்போடுவது. ஜார்ஜியா 1993ல் லாட்டரியை வைத்தே ஹோப் என்ற கல்லூரி உதவித்தொகையைத் தொடங்கியது. பழைய ஒதுக்கீடே இல்லாததால் குறைக்கவும் ஒன்றும் இல்லை. அங்கே வேறு குறை: மதிப்பெண் பார்த்துக் கொடுத்ததால் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகம் போனது. சீட்டுக்குத் தங்கள் வருமானத்தில் பெரிய பங்கைச் செலவிடுவது ஏழைகள். மாசசூசெட்ஸ் கல்வி என்று சொல்லிக்கொள்வதே இல்லை. லாபத்தை ஊர்களுக்கும் நகரங்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது, அவை விருப்பப்படி செலவழிக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான ஏற்பாடு.

கலிஃபோர்னியாவில் லாட்டரிப் பணம் மாணவர் வருகைக் கணக்குப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளுக்கு, போகிறது. அதில் நிலம் வாங்கவோ கட்டடம் கட்டவோ கூடாது என்று சட்டம் சொல்கிறது. 2000ல் இன்னொரு விதியும் சேர்ந்தது: வருமானம் கூடினால், கூடியதில் பாதி பாடப்புத்தகம் போன்ற கற்பிக்கும் பொருட்களுக்கே. இத்தனை விளம்பரத்துக்கும் பிறகு, பொதுப் பள்ளிகளின் மொத்த வரவில் லாட்டரியின் பங்கு ஒன்றிரண்டு சதவீதம்தான். 'பள்ளிக்கூடத்துக்குத்தான் லாட்டரி கொடுக்கிறதே' என்று நினைத்து, பள்ளி வரி உயர்வுக்கு 'வேண்டாம்' என்று வாக்களிப்பவரிடம் மிச்ச 98ஐ எங்கே வாங்குவது என்பதுதான் அங்கே பள்ளி மாவட்டங்களை நடத்துபவர்களின் தலைவலி.