இன்டர்ஆபரபிலிட்டி: தமிழில் இயைந்தியங்குதன்மை

மென்பொருள் ஒப்பந்தப்புள்ளிகளிலும் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளிலும் ‘இன்டர்ஆபரபிலிட்டி’ அடிக்கடி கண்ணில் படுகிறது. தமிழில் எழுதும்போது இதை ஒருவர் ‘ஒருங்கிணைப்பு’ என்கிறார், இன்னொருவர் ‘இணக்கத்தன்மை’ என்கிறார், ‘இணைப்புத்திறன்’ என்பாரும் உண்டு. மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் மூன்றுக்கும் வேறு வேலை இருக்கிறது.

இரண்டு அமைப்புகளுக்கு நடுவே நாமே நிரல் எழுதி ஒட்டவைப்பது ஒருங்கிணைப்பு. பழைய கோப்பைப் புதிய மென்பொருள் திறந்தால் அது இணக்கத்தன்மை. இன்டர்ஆபரபிலிட்டி இவற்றைவிடக் கடினமான ஒன்றைக் கேட்கிறது. இரண்டு நிறுவனங்கள், ஒன்றையொன்று கேட்காமல், பொதுவில் எழுதிவைத்த விதியை மட்டும் பார்த்துத் தனித்தனியே இரண்டு பொருள்களைச் செய்கின்றன. அந்த இரண்டும் முதன்முறை எதிர்ப்படும்போதே, நடுவில் யாரும் கைவைக்காமல், சேர்ந்து வேலை செய்யவேண்டும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘இன்டெர்’ என்றால் இடையே, ஒன்றுக்கொன்று. ‘ஓபெராரி’ என்றால் வேலை செய்தல். இதிலிருந்துதான் ஆபரேஷனும் வந்தது. கூட்டுறவைக் குறிக்கும் ‘கோஆபரேஷ’னுக்கும் இதே வேர்தான். பொருள்கள் சேர்ந்து இயங்கவேண்டுமானால் அவற்றைச் செய்கிறவர்கள் முதலில் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம். அதனால் இந்த உறவை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சொல்லை அதிகம் புழங்கியவர்களில் படைத்துறையினர் முக்கியமானவர்கள். நேட்டோ படைக்கூட்டணி நாடுகளின் துப்பாக்கிகள் வெவ்வேறாக இருந்தாலும் தோட்டா ஒன்றாக இருக்கவேண்டும் என்று 1950-களில் 7.62 மி.மீ. தோட்டாவைப் பொதுவாக்கினார்கள். பிறகு சொல் கணினி வலையமைப்புக்கு வந்தது. 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு வலையமைப்புக் கண்காட்சிக்கு ‘இன்டராப்’ என்றே பெயர். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் அரங்கத்தின் பொது வலையில் உண்மையிலேயே சேர்ந்து ஓடுகின்றனவா என்று அங்கே எல்லார் கண்முன்னும் தெரிந்துவிடும்.

மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ 1990-இல் வெளியிட்ட வரையறை இன்றும் மேற்கோளாகிறது. அதன் சாரம் இது: இரண்டோ அதற்கு மேலோ உள்ள அமைப்புகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளவும், பரிமாறிய தகவலைப் பயன்படுத்தவும் வல்லவையாக இருத்தல். இரண்டாவது பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 03/04/2002 என்ற தேதி எந்தப் பிழையும் இல்லாமல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரலாம். அனுப்பியவர் சென்னையில் ஏப்ரல் 3 என்று நினைத்து அனுப்ப, வாங்கியவர் நியூயார்க்கில் மார்ச் 4 என்று படித்தால், பரிமாற்றம் நடந்தது, பயன்பாடு நடக்கவில்லை.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதை வலைச் சேவைகளின் கதை நன்றாகக் காட்டும். (‘இணையச் சேவை’ என்று சொன்னால் பிராட்பேண்ட் இணைப்பு என்று படிப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளுக்கு வலைவழியே செய்துதரும் வேலையைச் சொல்ல ‘வலைச் சேவை’யே பொருத்தம்.) செய்தியை எப்படிப் பொதிவது என்று சொல்லும் சோப் 1.1 என்ற வரையறை 2000 மே மாதமும், ஒரு சேவை என்ன செய்யும் என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் 1.1 என்பது 2001 மார்ச்சிலும் வெளிவந்தன. விதி எழுதியாயிற்று, எல்லாரும் அதன்படி மென்பொருள் செய்தாயிற்று. இருந்தும் ஒன்று பேசியது இன்னொன்றுக்குப் புரியவில்லை. விதிகளில் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று வழிகள் இருந்தன. ஒவ்வொருவரும் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதைச் சரிசெய்ய 2002 பிப்ரவரியில் அக்சென்சர், பிஇஏ, ஃபுஜிட்சு, எச்பி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள், எஸ்ஏபி ஆகிய ஒன்பது நிறுவனங்கள் கூடித் தொடங்கிய அமைப்புதான் டபிள்யூஎஸ்-ஐ. ‘டபிள்யூஎஸ்’ என்பது வலைச் சேவைகள் (வெப் சர்வீசஸ்), கடைசி ‘ஐ’ நம் சொல்லைத்தான் குறிக்கிறது. சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்த்தவர்கள் இவர்கள். ஜாவா என்ற நிரல்மொழியை உருவாக்கிய சன் நிறுவனம் தொடங்கியவர்களின் பட்டியலில் இல்லை. அதற்கு ஆட்சிக்குழுவில் இடம் கிடைத்தது 2003 மார்ச்சில்தான். அந்தக் கூட்டுறவில் போட்டியும் கலந்தே இருந்தது.

டபிள்யூஎஸ்-ஐ புதிதாக எந்தத் தரநிலையையும் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த தரநிலைகளை எடுத்துக்கொண்டு, எங்கெல்லாம் விதி இரண்டு வழி விட்டதோ அங்கெல்லாம் ஒன்றை அடைத்தது. 2003 ஆகஸ்டில் வெளிவந்த அதன் அடிப்படை வரையறைத் தொகுப்பு 1.0 முழுக்க இந்த வேலைதான். ஒரே ஒரு விதியைப் பார்ப்போம். சோப் செய்தியோடு ‘சோப்ஆக்‌ஷன்’ என்று ஒரு தலைப்புவரி போகும். அதன் மதிப்பை மேற்கோள்குறிக்குள் வைக்கவேண்டுமா? வைக்காவிட்டாலும், செய்தியைச் சுமந்துசெல்லும் வலை நெறிமுறையான எச்டிடிபி ஏற்றுக்கொள்ளும். ஆனால் சில மென்பொருள்கள் மேற்கோள்குறி இல்லாவிட்டால் செய்தியை வாங்க மறுத்தன. தொகுப்பு ‘மேற்கோள்குறி கட்டாயம்’ என்று முடித்துவைத்தது. இரண்டு சின்னக் குறிகளுக்காக உலகின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. எனக்கு இந்தச் சொல்லின் முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. தன்னளவில் சரியாக இருக்கும் வழியையும் மற்றவருக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். தரவைச் செய்திக்குள் எழுத சோப் வரையறையே அனுமதித்திருந்த ஒரு குறியாக்க முறையைத் தொகுப்பு முழுவதுமாக விலக்கியது இதைவிடப் பெரிய விட்டுக்கொடுப்பு. அதை நம்பி ஏற்கெனவே எழுதிய சேவைகள் பல இருந்தன.

காகிதத்தோடு நிற்கவில்லை. ஒரு கடை, அதன் கிடங்குகள், சரக்கு செய்து தரும் ஆலைகள் என்று ஒரு மாதிரி அமைப்பை வரைந்து, அதையே பல நிறுவனங்கள் தத்தம் மென்பொருளில் எழுதின. ஐபிஎம் எழுதிய கடையை மைக்ரோசாஃப்ட் எழுதிய கிடங்கோடு பேசவைத்துப் பார்க்கலாம். தொகுப்பின் 1.1 பதிப்பு 2008-இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டு அமைப்பின் தரநிலையாயிற்று. 2010-இல் டபிள்யூஎஸ்-ஐ தன் பணிகளை ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பிடம் ஒப்படைத்தது.

அந்தத் தொகுப்பில் தமிழருக்கு நெருக்கமான ஒரு விதி உண்டு: செய்திகளின் எழுத்துகள் யுடிஎஃப்-8 அல்லது யுடிஎஃப்-16 குறியாக்கத்தில்தான் இருக்கவேண்டும். இரண்டுமே, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியின் (யூனிகோடு) வடிவங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் காலத்தில் நம்மிடம் டாப், டாம், திஸ்கி என்று தனித்தனிக் குறியாக்கங்கள் இருந்தன. ஒன்றில் எழுதிய கடிதம் இன்னொன்றில் கட்டமும் புள்ளியுமாக வந்து நிற்கும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல். இன்டர்ஆபரபிலிட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனித் தமிழ்ச்சொல். ‘இடைஇயங்குதன்மை’, ‘இடைச்செயல்பாடு’ என்பவை புழக்கத்தில் தென்படுகின்றன. ‘இன்டெர்’ என்பதை ‘இடை’ என்று பெயர்த்ததால் வந்தவை. தமிழில் ‘இடை’ முன்னால் நின்றால் பெரும்பாலும் குறுக்கே வருவதைச் சொல்லும்: இடையூறு, இடைமறித்தல், இடைத்தரகர். குறுக்கே யாரும் இல்லாமல் நடப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இது எதிர்ப்பொருள் தந்துவிடும். ‘கூடியியங்குதிறன்’ இதைவிட நன்று, ஆனால் ஒத்துப்போவதை அது சொல்வதில்லை. கூடி நின்றும் முரண்படலாம்.

‘இயை’ என்ற வினையில் சேர்தல், பொருந்துதல், உடன்படுதல் மூன்றும் இருக்கின்றன. ‘என்போடு இயைந்த தொடர்பு’ என்று குறள் 73-இல் உயிருக்கும் உடம்புக்கும் உள்ள உறவைச் சொல்ல இந்த வினை வருகிறது. அங்கே இயைவன இரண்டும் ஒரே இனம் அல்ல. வேறுவேறாகவே இருந்து ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நமக்கு வேண்டிய பொருளும் அதுவே. அடிகளின் இறுதி ஒன்றிவரும் இயைபுத் தொடையைப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சொல் புதிதாகவும் இராது.

இயைந்து, இயங்கு இரண்டும் சேர்ந்து ‘இயைந்தியங்கு’. பண்பைச் சொல்ல ‘இயைந்தியங்குதன்மை’. நிகழ்வைச் சொல்ல ‘இயைந்தியக்கம்’ போதும், நாவுக்கும் எளிது. ‘இந்த இரண்டு சேவைகளும் இயைந்தியங்கும்’, ‘இயைந்தியங்காத பணப்பைச் செயலிகள்’ என்று வினையாகவும் எச்சமாகவும் தடையில்லாமல் வரும். மேலும் ஒரு வழக்கைப் பிரித்தே வைக்கவேண்டும்: இரு நிறுவனங்கள் தமக்குள் மட்டும் ஒப்பந்தம் போட்டு இணைப்பு நிரல் எழுதிக்கொண்டால், அதற்கு ‘ஒருங்கிணைப்பு’ என்றே எழுதலாம். பொது விதியைப் படித்து மூன்றாமவர் ஒருவரும் வந்து சேரமுடிகிற இடத்துக்கே ‘இயைந்தியங்குதன்மை’ உரியது.