கடைசியாகக் கழித்தது யார்?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி கேட்கிறார்: "ஏற்காடு பேருந்து எந்த வளைவில் வருகிறது என்று காட்டும் புரோகிராமை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியிருக்கிறோம். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. சர்வரில் போட்டால் எப்போதாவது கிராஷ் ஆகிறது. எண்ணிக்கை வைத்துத்தானே மெமரியை விடுவிக்கிறோம், எங்கே தப்பு?"

20 கொண்டை ஊசி வளைவுகளின் வரைபடம் மெமரியில் ஒன்றுதான். அதைப் பல த்ரெட்கள், அதாவது புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள், பகிர்கின்றன. எடுக்கும்போது எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, முடித்ததும் ஒன்று கழி, பூஜ்யமானால் விடுவி. கணினி அறிஞர் ஜார்ஜ் காலின்ஸ் 1960-லேயே சொன்ன முறை இது. பல த்ரெட் ஓடும் இடத்தில் சாதாரணக் கூட்டல் ஆகாது. படி, கூட்டு, எழுது என்று அது மூன்று வேலை. இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் 2 என்று படித்தால் இரண்டுமே 3 என்றுதான் எழுதும். ஒரு கூட்டல் காணாமல் போகும். அதனால்தான் அட்டாமிக் எண்: அதில் இந்த மூன்று வேலையும் இடையே யாரும் புகாமல் ஒரே வேலையாக நடக்கும். மாணவியும் அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

ஆனால் கழித்துவிட்டு, அடுத்த வரியில் "எண் பூஜ்யமா?" என்று திரும்பப் படிக்கிறார். கோளாறு அந்த இடைவெளியில்தான். எண் இப்போது 2. முதல் த்ரெட் கழிக்கிறது: 1. அது திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டாவதும் கழித்துவிடுகிறது: 0. இப்போது இரண்டுமே பூஜ்யத்தைப் பார்த்து, இரண்டுமே மெமரியை விடுவிக்கும். கிராஷ்! இடையில் ஒரு ஸ்லீப் (சிறு காத்திருப்பு) போட்டு "சரியாகிவிட்டது" என்பவர்கள் உண்டு. மலை ஏறுமுன் டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது போலத்தான் அது. பிரேக் பழுது அப்படியே இருக்கும்.

தீர்வு எவ்வளவு அழகு பாருங்கள். அட்டாமிக் கழித்தல், கழிப்பதற்கு முன்பிருந்த எண்ணைத் திருப்பித் தருகிறது. எத்தனை கோர் இருந்தாலும் ஒரே எண்ணின் மேல் நடக்கும் கழித்தல்கள் வரிசையாகத்தான் நடக்கும். ஒருவருக்கு 2 கிடைக்கும், இன்னொருவருக்கு 1. யார் கையில் 1 வந்ததோ அவரே கடைசி ஆள்; விடுவிப்பது அவர் பொறுப்பு. பூட்டும் வேண்டாம், பேச்சுவார்த்தையும் வேண்டாம். 2 கிடைத்தவர் அதன்பின் அந்த எண்ணை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அது இருந்த இடமே விடுவிக்கப்பட்டிருக்கலாம்.

நினைவக ஒழுங்கும், அதாவது ஒரு த்ரெட் மெமரியில் எழுதியது மற்றதற்கு எந்த வரிசையில் தெரியும் என்பதும், முக்கியம். கூட்டலுக்கு, வரிசை பற்றி உறுதி ஏதும் தராத 'ரிலாக்ஸ்டு' போதும். கழித்தலுக்கு, அதுவரை செய்ததை மற்றவர்களுக்கு வெளியிடும் 'ரிலீஸ்' வேண்டும். 1 கிடைத்தவர் விடுவிக்கும் முன் 'அக்வயர்' வேலி போட வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் செய்து முடித்ததெல்லாம் அவருக்குத் தெரியும். இன்டெல் சிப்பில் இதை விட்டுவிட்டாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். ஏஆர்எம் சிப்பில் மாட்டிக்கொள்வோம்.

இத்தனையும் 2011 முதல் சி பிளஸ் பிளஸ்ஸோடு வரும் ஷேர்டு பாயின்டருக்குள்ளேயே இருக்கிறது. சொந்தமாக எழுதாமல் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. ஒன்று மட்டும்: அது காப்பது எண்ணிக்கையை, வரைபடத்தை அல்ல. பேருந்தின் இடத்தை ஒரு த்ரெட் மாற்றும்போதே இன்னொன்று படிக்குமானால், அதற்குத் தனியாக மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போன்ற பாதுகாப்பு போட்டே ஆகவேண்டும்.