கான்ஃப்ளிக்ட்: மோதலா, முரணா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் 'டிராகன் ஏஜ் 2' என்ற வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தான். வசனமெல்லாம் பிரெஞ்சு எழுத்தில். ஆட்டம் முடியும் கட்டம். மந்திரவாதிகள் பக்கமா, அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர் வீரர்கள் பக்கமா என்று கேட்டு நின்றது திரை. பொத்தானில் விரலை வைத்தவன் அழுத்தவே இல்லை. "கி மோ பு ஃபேர், மாமா?" என்றான். என்ன செய்யட்டும் என்று கிரியோலில் கேட்கிறான்.

அந்தத் தயக்கத்தை உண்டாக்கியதை ஆங்கிலத்தில் கான்ஃப்ளிக்ட் என்பார்கள், பிரெஞ்சில் கொன்ஃப்லி. இரண்டுக்கும் வேர் லத்தீன்: 'கான்' என்றால் சேர்ந்து, 'ஃப்ளிகெரே' என்றால் அடித்தல். ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது. அதைப் பார்த்ததும் தமிழில் 'மோதல்' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஆட்டங்களில் மோதல் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும். கதையைத் தாங்கி நிற்பது வேறு.

2009இல் வந்த முதல் பாகத்தில் நிலத்தடியிலிருந்து டார்க்ஸ்பான் என்ற அரக்கர் கூட்டம் கிளம்புகிறது, தலைமையில் ஆர்ச்டீமன் என்ற டிராகன். எதிரி யார் என்ற சந்தேகமே கிடையாது. 2011இல் வந்த இரண்டாம் பாகம் பெரும்பாலும் கிர்க்வால் என்ற ஒரே நகரத்துக்குள் நடக்கிறது. அடைபட்டுக் கிடக்கும் மந்திரவாதியின் கோபம் நியாயம். அவன் உடம்பில் பேய் புகுந்துவிடுமோ என்ற காவலரின் பயமும் நியாயம். 2014இல் மூன்றாம் பாகம். இந்த இருவரையும் சமாதானப்படுத்தக் கூட்டிய இடமே வெடித்துச் சிதறுவதில் கதை தொடங்கி, கொரிஃபியஸ் என்ற வேறொரு பகைக்குப் போகிறது. வாள்சண்டை மூன்றிலும் உண்டு. பாகத்துக்குப் பாகம் மாறுவது முரண்தான்.

முரண் பழைய சொல். குறள் 492இல் 'முரண்சேர்ந்த மொய்ம்பினவர்' என்று வருகிறது. அங்கே பகை, மாறுபாடு என்று பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் முரண் தொடையைச் சொல்கிறது: சொல்லோ பொருளோ எதிரெதிராக நிற்பது. நீர் ஓரடியில், நெருப்பு அடுத்த அடியில். ஒன்றை எடுத்துவிட்டால் தொடையே இல்லை. கிர்க்வால் கதையும் அப்படித்தான் நிற்கிறது.

இங்கே 1998இல் புதிய ரூபாய்த் தாளில் தமிழுக்கு முன் இந்தி வந்தபோது நம்மவர்கள் கொதித்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். அதை மோதல் என்றால் பொருந்தாது, முரண் என்றால் பொருந்தும்.

பிணக்கு என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும். பிணங்குதல் என்றால் மாறுபடுதல், பின்னிக்கொள்ளுதல் இரண்டும்தான். குடும்பத்துக்குள் நடக்கும் கதைகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். கதையைத் தாங்கும் கான்ஃப்ளிக்டுக்குப் பொதுச்சொல்லாக 'மைய முரண்' போதும்.

பையன் கடைசியில் மந்திரவாதிகள் பக்கம் போனான். அப்புறம் கோயில் வகுப்பு நோட்டில் 'மைய முறண்' என்று எழுதிக் காட்டினான். றகரத்தை அடித்து ரகரம் போடச் சொன்னேன். மூன்றுசுழி ண் சரியாகவே போட்டிருந்தான்.