கூறுவெளியை எழுதாமல் பின்னத்துக்குத் தாவாதீர்கள்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசி இயல் புள்ளியியலும் நிகழ்தகவும். அதிலும் நிகழ்தகவு பின்பாதியில் வருகிறது. திட்டவிலக்கத்தை முடித்து அங்கே போய்ச் சேர்வதற்குள் திருப்புதல் தேர்வுகள் நெருங்கிவிடுகின்றன. சூத்திரத்தையும் நான்கைந்து மாதிரிக் கணக்குகளையும் பலகையில் எழுதிவிட்டு, மீதியை வீட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லிவிடுகிறோம். வடசென்னையில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்தப் பாடத்தில் பிள்ளைகளின் மதிப்பெண் போகும் இடம் ஆண்டுதோறும் ஒன்றுதான். என்னென்ன விளைவுகள் வரக்கூடும் என்ற முழுப் பட்டியலை, அதாவது கூறுவெளியை, எழுதிப் பார்க்காமலே விடைக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 5 வருவதற்கான நிகழ்தகவு என்ன? ஒரு மாணவி (1,4), (2,3) என்று எழுதி, 2/36 என்று முடித்திருந்தாள். (3,2) எங்கே என்று கேட்டேன். “அதே இரண்டு எண்கள்தானே மிஸ்?” என்றாள். நியாயமான கேள்வி. சூத்திரத்தை மறுபடி சொல்வதால் இதற்குப் பதில் கிடைக்காது. சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என இரண்டு பகடைகளை அவள் கையில் கொடுத்தேன். சிவப்பில் 2, நீலத்தில் 3 விழுவது ஒரு விளைவு. சிவப்பில் 3, நீலத்தில் 2 விழுவது வேறொரு விளைவு. கீழே 36 என்று எழுதும்போது இரண்டையும் தனித்தனியாக எண்ணியவள், மேலே மட்டும் ஒன்றாக எண்ணிவிட்டாள். ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு நிரப்பியதும் அவளே நான்கு கட்டங்களைச் சுழித்து 4/36, அதாவது 1/9 என்று எழுதினாள்.

இதைப் புரிந்துகொண்ட கையோடு அடுத்த தவறு வரும். கூடுதல் 6 கேட்டால் (3,3)-ஐயும் திருப்பிப் போட்டு இரண்டு முறை எழுதுவார்கள். கட்டத்தில் (3,3) ஒரே இடத்தில்தான் இருக்கிறது, விடை 5/36. ஆகவே வீட்டுக்குப் பகடை வாங்கும் பெற்றோர் தயவுசெய்து ஒரே நிறத்தில் இரண்டு வாங்காதீர்கள்.

விளைவுகளைப் பட்டியலிட்டால் மட்டும் போதாது. அவை ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு பகடைகளின் கூடுதல் 2 முதல் 12 வரை பதினொரு வகை; ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/11 என்று எழுதும் பிள்ளையைத் திட்டாதீர்கள். பிரெஞ்சுக் கணித மேதை தலாம்பேர், 1754-இல் வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதியில் இதே இடத்தில்தான் சறுக்கினார். நாணயத்தை இரண்டு முறை சுண்டும்போது ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 என்றார். முதலிலேயே தலை, பூவுக்குப் பிறகு தலை, இரண்டும் பூ என மூன்று வழிகளே உண்டு என்பது அவர் வாதம். அந்த மூன்றுக்கும் வாய்ப்பு சமம் இல்லை. நான்கு விளைவுகளையும் எழுதினால் விடை 3/4.

இதை மனத்தில் பதிய வைக்க நம் வீட்டிலேயே அருமையான பொருள் ஒன்று இருக்கிறது: தாயக்கட்டை. லூடோவைச் செல்போனில் ஆடும் பிள்ளைகள்கூடப் பித்தளைக் கட்டையைப் பார்த்தால் ஆசையாக எடுத்து உருட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு முகங்கள்: 1, 2, 3 புள்ளிகள், ஒன்று வெறுமை. இரண்டு கட்டைகளுக்கு 16 விளைவுகள். தாயம் விழ ஒன்று வெறுமையாகவும் மற்றது 1 ஆகவும் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள், ஆகவே 1/8. மூன்று விழ நான்கு வழிகள் இருப்பதால் 1/4. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்று எண்ணுவது வழக்கம். அதற்கு 1/16 தான். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது உங்கள் வீட்டு விதியானால், அந்த வாய்ப்பு 6/16, அதாவது 3/8. தாயம் விழாமல் காய் இறங்காதபோது வரும் எரிச்சலுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் வகுப்பில் எல்லாரும் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கி ஆடுவோம். அதற்கு 1/2 என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. உரசியதில் கொட்டையின் வடிவமே மாறிவிட்டது. நூறு முறை போட்டு வெள்ளை எத்தனை முறை விழுந்தது என்று எண்ணித்தான் சொல்ல முடியும். ஒன்பதாம் வகுப்பில் வரும் பட்டறி நிகழ்தகவு இதுதான்.

கேள்வியின் சொற்களைப் படிப்பதும் பயிற்சியில் பாதி. மூன்று நாணயங்களைச் சுண்டினால் எட்டு விளைவுகள். ‘சரியாக இரண்டு தலைகள்’ என்றால் 3/8. ‘குறைந்தது இரண்டு தலைகள்’ என்றால் மூன்று தலையும் சேர்ந்து 4/8. ‘அதிகபட்சம் ஒரு பூ’ என்றாலும் அதே நான்கு விளைவுகள்தான். இந்த மூன்று கேள்விகளையும் ஒரே பக்கத்தில், ஒரே கூறுவெளிக்குக் கீழே போட்டுப் பார்த்த பிள்ளை தேர்வில் தடுமாறுவதை நான் பார்த்ததில்லை.

சீட்டுக்கட்டுக் கணக்கு தனிப் பிரச்சினை. சீட்டையே தொட்டறியாத பிள்ளைகள் பலர். சீட்டு வீட்டுக்குள் வரக் கூடாது என்னும் பெற்றோரின் கவலையும் நியாயமானது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 52 அட்டைகளைப் பிள்ளைகளையே எழுதச் சொல்கிறேன். நான்கு வகை, வகைக்குப் பதின்மூன்று, சிவப்பு 26, கறுப்பு 26, ராஜா நான்கு. கையால் எழுதியவர்களுக்கு இது மறக்காது. ‘ராஜா அல்லது ஹார்ட்’ என்றால் 4, 13 இரண்டையும் கூட்டி 17/52 என்று எழுதுவார்கள். அட்டைகளைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னால் ஹார்ட் ராஜாவை இரண்டு முறை எடுக்க முடியாமல் கை நிற்கும். கூட்டல் தேற்றத்தில் எதற்காகக் கழிக்கிறோம் என்பது அப்போது தெரிந்துவிடும். விடை 16/52, சுருக்கினால் 4/13.

ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்தால் ஆறாவது கட்டாயம் பூ என்று நம்பும் பிள்ளைகளும் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். நாணயத்துக்கு நினைவு கிடையாது. ஆறாவதிலும் 1/2 தான். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. இன்று பணம் கட்டி ஆடும் ஆட்டம் செல்போனுக்குள்ளேயே வந்து அழைக்கிறது. விட்டதை அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம் என்ற நினைப்புக்கும் நாணயத்தைப் பற்றிய இந்தத் தப்பெண்ணத்துக்கும் வேர் ஒன்றே. பதினைந்து வயதில் இதைப் பேசாமல் விடக் கூடாது.

பயிற்சிக்கு வினா வங்கியிலிருந்து நாளுக்கு இருபது கணக்குகள் போட வேண்டியதில்லை. மூன்று போதும், மூன்றிலும் கூறுவெளி முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கணக்குத் தெரியாத பெற்றோரும் இதைச் சரிபார்க்கலாம்: விளைவுகளின் பட்டியல் இருக்கிறதா, விடை ஒன்றைத் தாண்டிவிட்டதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். 7/6 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும் விடைத்தாள்களை இன்னமும் திருத்திக்கொண்டிருக்கிறேன். போட்டு முடித்த கணக்கில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மறுபடி கேளுங்கள். நெட்டாண்டில் (லீப் ஆண்டில்) 53 ஞாயிறுகள் வர 2/7 என்று சொன்ன பிள்ளையிடம், 53 சனியும் 53 ஞாயிறும் சேர்ந்து வருமா என்று கேட்டுப் பாருங்கள். 52 வாரம் போக மிஞ்சும் இரண்டு நாட்களுக்கான ஏழு இணைகளையும் எழுதியிருந்தால், 1/7 என்று உடனே சொல்லிவிடும்.