கொசுப்புழுவின் குடலில் கரையும் படிகம்

தேங்கிய நீரில் தலைகீழாகத் தொங்கும் ஏடிஸ் கொசுப்புழுவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். வாயோரத்து மயிர்க்கற்றைகள் ஓயாமல் துடித்து, நீரிலுள்ள நுண்துகள்களை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வந்ததையெல்லாம் விழுங்கும் இந்தப் பழக்கத்தில்தான் அது மாட்டிக்கொள்கிறது.

1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கிடந்த ஒரு குட்டையிலிருந்து, கோல்ட்பெர்க், மார்கலித் என்ற ஆய்வாளர்கள் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது அதன் பெயர்; சுருக்கமாக பி.டி.ஐ. என்பார்கள். வித்துகளை உண்டாக்கும்போது கூடவே புரதப் படிகத்தையும் அது உருவாக்கும்.

படிகம் கரையாதவரை நஞ்சு வேலை செய்யாது. கொசுப்புழுவின் நடுக்குடலில் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். 10ஐ ஒட்டியிருக்கும். அங்கேதான் படிகம் கரைகிறது. குடலின் நொதிகள் புரதத்தை நறுக்க, நறுக்கிய துண்டு குடற்சுவர் செல்களில் ஒட்டித் துளை போடுகிறது. நீர் புகுந்து செல்கள் வெடிக்கின்றன. புழு தின்பதை நிறுத்தி, பெரும்பாலும் ஒரே நாளில் செத்துவிடுகிறது. நம் இரைப்பையோ அமிலம் நிறைந்தது; அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. மீனுக்கும் தேனீக்கும் ஆபத்தில்லை. பல நச்சுப் புரதங்கள் சேர்ந்து தாக்குவதால், எதிர்ப்புத்திறன் பெறுவதும் கொசுவுக்குக் கடினம். ஆனால் எதையும் தின்னாத கூட்டுப்புழுவிடம் இது பலிக்காது. வெயிலில் வீரியம் குறைவதால் திரும்பத் திரும்பத் தெளிக்கவும் வேண்டும்.

குறிவைத்ததை மட்டும் தாக்கும் இந்தத் துல்லியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொசுவை ஒழிக்கவென்று பல நாடுகளில் விடப்பட்ட கம்பூசியா மீன், தலைப்பிரட்டை, பிற மீன்களின் முட்டை என்று எல்லாவற்றையும் தின்று அங்கிருந்த உயிரினங்களை ஒடுக்கியது.

வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் வழியே வேறு. கொசுவின் செல்களுக்குள் குடியேறி, டெங்கு வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகிறது. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. உள்ள பெண்ணின் முட்டைகளோ எந்த ஆணோடு சேர்ந்தாலும் பொரிக்கும். எனவே வோல்பாக்கியா உள்ள கொசுக்களைச் சில மாதங்கள் வெளியே விட்டால், பிறகு அது தானாகவே பரவும். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் இப்படிக் கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2021இல் முடிவு வெளியானது. அங்கே பயன்படுத்திய வோல்பாக்கியா வகை, கடும் வெப்பத்தில் கொசுவின் உடலில் குறைந்துபோகக்கூடியது. அதனால் கோலாலம்பூரில் வெப்பம் தாங்கும் வேறொரு வகையைத் தேர்ந்தெடுத்தார்கள்.