நாய்க்குட்டி பொம்மையைப் பிடுங்காதீர்கள்

மூன்று வயது முடிந்த பிறகும் பஞ்சு நாய்க்குட்டி பொம்மை இல்லாமல் பிள்ளை தூங்க மறுக்கிறது, இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும்போதெல்லாம், நிறுத்தவே தேவையில்லை என்பதைத்தான் குழந்தை நல மருத்துவர் என்ற முறையில் முதலில் சொல்கிறேன்.

ஏறத்தாழ எட்டு மாதத்தில், தாய் கண்ணில் படாவிட்டால் குழந்தை கலங்கத் தொடங்குகிறது. அந்தப் பிரிவைத் தாங்கிக்கொள்ளக் குழந்தை தானே தேடிக்கொள்ளும் துணை இத்தகைய பொருள் என்று, பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1953-இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார். காலம் வரும்போது அதன் தேவை தானாகவே குறைந்துவிடும் என்பதும் அவர் கருத்து. நம் வீடுகளில் ஆயாவின் (பாட்டியின்) பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டு செய்துவந்த வேலையும் இதுவே. தகப்பன் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலைபார்க்க, ஐயா (தாத்தா), ஆயாவிடம் வளரும் பிள்ளைக்கு இந்தத் துணை இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

தடுப்பூசிக்கு வரும் பிள்ளையின் கையில் பொம்மை இருந்தால், முதலில் நாய்க்குட்டியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, அதன் தொடையைப் பஞ்சால் துடைத்துவிட்டு, பிறகே பிள்ளையிடம் திரும்புவேன். அப்படி ஒருநாள், நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி நாயின் தொங்கும் காதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அழாதடா, ஆயா பக்கத்துலயே இருக்காங்கல்ல" என்று அதற்குத் தைரியம் சொன்னாள். தான் கேட்ட ஆறுதலை இன்னொரு உயிருக்குச் சொல்வதுபோல் எடுத்துச் சொல்லும் அந்த விளையாட்டில் மொழியும், பிறர் வலியை உணரும் பரிவும், தன் அச்சத்தைத் தானே அடக்கும் திறனும் ஒருசேர வளர்கின்றன. ஆகவே, "பெரிய பிள்ளையாகிவிட்டாய்" என்று சொல்லிப் பொம்மையை ஒளித்துவைப்பதும், உறவினர் முன் கேலி செய்வதும் கூடவே கூடாது.

எனினும், ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் எந்தப் பஞ்சு பொம்மையும் இருக்கக் கூடாது. மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு. மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குப் பொத்தான் கண் வைத்ததைத் தவிர்த்து, நூலால் தைத்த கண் உள்ளதை வாங்குங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால் திருவிழாக் கடையில் வாங்கினாலும் அதைப் பாருங்கள். இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையின் பொம்மையை, துணி தாங்குமானால், 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உள்ளிருக்கும் பஞ்சுவரை ஈரம் போக முற்றத்து வெயிலில் காயவைத்தால் இளைப்பைத் தூண்டும் நுண்ணிய தூசிப்பூச்சிகள் அழியும்.

பொம்மையைக் கட்டிப்பிடித்துப் பழகிய பிள்ளை தெருநாயையும் அதேபோல் நெருங்கக்கூடும். வெறிநோய் (ரேபிஸ்) உள்ளதாக ஐயப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் நாயையும் தொடக்கூடாது என்பதைப் பொம்மையை வைத்தே விளையாட்டாகக் கற்றுக்கொடுக்கலாம். கடித்துவிட்டால் மஞ்சளோ சுண்ணாம்போ தடவாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பொம்மை மீதுள்ள பற்று மட்டும் நோயின் அறிகுறி அல்ல. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், முகம் பார்க்காமல், பேச்சும் வளராமல் பிள்ளை பொம்மையோடு மட்டுமே ஒதுங்கியிருந்தால், காலம் தாழ்த்தாமல் வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். வரும்போது அந்தப் பொம்மையும் உடன் வரட்டும்.